தறி நின்றபோது தூங்கினோம்! சுளவு சாயும்போதாவது விழிப்போமா?

விடியற்காலை. பாங்கு ஒலித்து முடிகிறது. மேலப்பாளையத்தின் ஒடுங்கிய தெரு ஒன்றில் நடந்து பாருங்கள். ஆண்கள் பள்ளிவாசலை நோக்கி விரைகிறார்கள். வீட்டுக்குள் பெண்கள் அதற்கு முன்பே எழுந்துவிட்டார்கள். தொழுகையை முடித்த கையோடு, இரவே நனைத்து ஈரத் துணியில் சுற்றி வைத்த பீடி இலையை எடுத்துக் கத்தரியால் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அடுப்பில் சோறு கொதிக்கிறது. மடியில் சுளவு இருக்கிறது. முறத்தைத்தான் நம் நெல்லைச் சீமையில் சுளவு என்போம்.

வெட்டிய இலையில் தூளை வைத்து, உருட்டி, தலையை மடக்கி, நூலால் கட்டி, எண்ணிக் கட்டுப்போட்டு, மாலையில் பீடிக்கடைக்குப் போய்க் கொடுக்க வேண்டும். ஆயிரம் பீடி சுற்றினால்தான் ஒரு நாள் முழுக் கூலி. வீட்டு வேலை, பிள்ளைகள், முதியவர்கள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு ஆயிரம் சுற்றுவது எல்லோராலும் ஆகிற காரியமா? ஐந்நூறோ அறுநூறோ சுற்றி, அதற்குரிய கூலியை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களே அதிகம்.

இந்தச் சுளவிலிருந்துதான் நம் வீடுகளில் பலவற்றின் அரிசி வந்தது. பிள்ளையின் பள்ளிச் சீருடை வந்தது. அண்ணன் வெளிநாடு போக விசாவுக்குக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு வந்தது. தங்கையின் கல்யாணச் செலவு வந்தது. ஊருக்கே தெரிந்த உண்மை இது. ஆனால், ஊரில் எந்த மேடையிலும் இதைப் பற்றிப் பேசுவதில்லை!

இன்று அந்தச் சுளவு சாய்ந்துகொண்டிருக்கிறது. அடுத்து என்ன என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கிறதா? இந்தத் தலையங்கம் எழுப்ப விரும்பும் கேள்வி இது ஒன்றுதான்.

தறி சொல்லும் பாடம்

இன்று பீடிக்குப் பேர் பெற்ற ஊர்கள் ஒரு காலத்தில் தறிக்குப் பேர் பெற்றவை. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் தெருவுக்குத் தெரு தறியோசை கேட்ட காலம் ஒன்று இருந்தது. பாவு போடுவது, நூல் சுற்றுவது, தார் போடுவது என்று குடும்பம் முழுவதற்கும் அதில் வேலை இருந்தது. கைத்தொழில் என்றாலும் அது கௌரவமான தொழில். நெசவாளி என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமிதம் இருந்தது.

பிறகு ஆலைத் துணி வந்தது. விசைத்தறி வந்தது. நூல் விலை ஏறியது. கைத்தறிச் சேலைக்கும் லுங்கிக்கும் கிடைத்த விலை நூலுக்கே போதவில்லை. ஒவ்வொரு தறியாக நின்றது. பல வீடுகளில் தறிக்குழி மூடப்பட்டது.

அப்போது இந்தச் சமுதாயம் என்ன செய்தது? கடையநல்லூர் ஆண்கள் கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1941-லேயே சிங்கப்பூரில் கடையநல்லூர் பெயரில் ஓர் அமைப்பு தோன்றும் அளவுக்கு அங்கே நம்மவர்கள் நிறைந்திருந்தார்கள். பின்னர் வளைகுடா திறந்தது. போக முடிந்தவர்கள் போனார்கள். பெண்களுக்கு எங்கே போக வழி? தறி இருந்த இடத்தில் சுளவு வந்து உட்கார்ந்தது. வீட்டை விட்டு வெளியே போகாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

தறி நின்றபோது, அடுத்து நம் மக்கள் எந்தத் தொழிலில் நிற்பார்கள் என்று ஊர் கூடி யோசித்ததா? செல்வந்தர்கள் கூடிப் பேசினார்களா? நாம் அறிந்தவரை இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போன திசையில் மரக்கட்டை போவதுபோலப் போனோம். அதன் விலையை இரண்டு தலைமுறைப் பெண்கள் தங்கள் முதுகெலும்பாலும் நுரையீரலாலும் கொடுத்து முடித்திருக்கிறார்கள். குனிந்த முதுகு, வலிக்கும் கழுத்து, தேய்ந்த விரல் நுனி, புகையிலைத் தூளால் விடாத இருமல். நம் தாய்மார்களிடம் இவற்றைக் காணாதவர் யார்?

கணக்கு சொல்லும் உண்மை

இந்தியா முழுவதும் பீடித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர் என்பது மத்திய தொழிலாளர் அமைச்சகம் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. இவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், வீட்டிலிருந்து சுற்றுகிறவர்கள். நீதியரசர் ராஜேந்திர சச்சார் தலைமையிலான குழு 2006-இல் கொடுத்த அறிக்கையைப் படித்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். அன்று நாட்டின் மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 13.4 சதவீதம். ஆனால் புகையிலைப் பொருள்களைத் தயாரிக்கும் தொழிலாளர்களில் முஸ்லிம்கள் 41 சதவீதம்!

அரசு வேலையில் நம் விகிதம் குறைவு, வங்கிக் கடனில் குறைவு, உயர் கல்வியில் குறைவு என்று அதே அறிக்கை சொன்னது. எல்லா இடத்திலும் குறைவாக இருக்கும் சமுதாயம், பீடிச் சுளவின் முன்னால் மட்டும் மூன்று மடங்கு அதிகமாக உட்கார்ந்திருக்கிறது. இதைவிடத் தெளிவாக நம் நிலையை யார் சொல்ல முடியும்?

இது முஸ்லிம்களின் துயரம் மட்டும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நெல்லை, தென்காசி மாவட்டங்களின் சிற்றூர்களுக்குப் போனால் எல்லாச் சமூகத்துப் பெண்களும் திண்ணைகளில் ஒன்றாக உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருப்பதைக் காணலாம். சுளவுக்குச் சாதியும் இல்லை, மதமும் இல்லை. வறுமைக்கும் இல்லை. ஆகவே, இதற்கான தீர்வும் எல்லோரையும் அணைத்துக்கொண்டு போகிற தீர்வாகத்தான் இருக்க வேண்டும்.

இனி, தொழில் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். 2009-10-இல் எடுக்கப்பட்ட தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 9.2 சதவீதம் பேர் பீடி குடித்தார்கள். 2016-17-இல் அது 7.7 சதவீதமாக இறங்கியது. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003-இல் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றது. 2016 முதல் கட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு 28 சதவீத வரி விதிக்கப்பட்டது.

பீடி குறைவது நல்லதா, கெட்டதா? குடிப்பவனின் நெஞ்சைச் சுடுகிற பொருள் குறைவது நல்லதுதான். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஒரு பொருள் நூறாண்டு வாழ வேண்டும் என்று நாம் கொடி பிடிக்க முடியாது. ஆனால், அதைச் சுற்றிப் பிழைக்கிற பெண்ணைத் தெருவில் நிறுத்திவிட்டு நல்லதைச் செய்ததாக யாரும் மார்தட்டவும் கூடாது. நாம் மேலே சொன்ன அதே உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவு, புகையிலைத் தொழிலாளர்களுக்கு மாற்றுத் தொழில் ஏற்படுத்த நாடுகள் முயல வேண்டும் என்று சொல்கிறது. படம் போடும் விதி கட்டுக்குக் கட்டு அமலாகிறது. மாற்றுத் தொழில் பற்றிய பிரிவு மட்டும் ஏன் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை?

சட்டம் தூங்கவில்லை, நாம்தான் தூங்குகிறோம்

பீடித் தொழிலாளிக்குச் சட்டம் எதுவும் தரவில்லை என்று நினைப்பது தவறு. 1966-இல் நாடாளுமன்றம் இயற்றிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்றே ஏற்றது. விடுப்பும் பேறுகாலச் சலுகையும் அவளுக்கும் உண்டு என்றது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 1976-இல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. 1977-இல் வருங்கால வைப்புநிதிச் சட்டம் பீடித் தொழிலுக்கு நீட்டிக்கப்பட்டது.

வீட்டில் சுற்றுகிறவள் எங்கள் ஆள் இல்லை, அவளுக்கு வைப்புநிதி கட்ட மாட்டோம் என்று முதலாளிகள் மீண்டும் வழக்காடினார்கள். 1985-இல் உச்ச நீதிமன்றம் அதற்கும் பதில் சொன்னது. பீடி சரியில்லை என்று கழித்துப் போடும் அதிகாரம் உன்னிடம் இருக்கிறது அல்லவா? அந்த அதிகாரமே அவள் உன் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறாள் என்பதற்குச் சான்று என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். எந்தக் கழிவைக் காட்டி அவள் கூலியைக் குறைத்தார்களோ, அந்தக் கழிவே அவளுக்குச் சாட்சியாக வந்து நின்றது!

1966-ஆம் ஆண்டுச் சட்டம் இன்று தனியாக இல்லை. 2020-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் ஒன்றில் அது அடக்கப்பட்டு, அச்சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பழைய சட்டத்தில் இருந்த பாதுகாப்பு புதிய சட்டத்திலும் குறையாமல் கிடைக்கிறதா என்று தொழிற்சங்கங்களும் நாமும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டிய காலம் இது.

ஆனால், எந்தச் சட்டமானாலும் அதன் வாசலில் காட்ட வேண்டிய சீட்டு ஒன்று உண்டு. அது பீடிக் கணக்குப் புத்தகம். அந்தப் புத்தகம் எத்தனை பேரிடம் அவரவர் பெயரில் இருக்கிறது? தாயின் பெயரில் ஒரு புத்தகம். அதில் மகளும் மருமகளும் சுற்றுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் புத்தகத்தில் இன்னொருத்தி சுற்றுகிறாள். இருபது ஆண்டு சுற்றிய பெண்ணுக்குக் காகிதத்தில் ஒரு நாள் வேலைகூட இல்லை! 10 ஆண்டுப் பணிக்கணக்கு இல்லாதவருக்கு ஓய்வூதியம் இல்லை. கணக்கு இருப்பவருக்கோ, வைப்புநிதிப் பதிவில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், பிறந்த தேதி இரண்டிலும் வேறு. இந்தத் திருத்தத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்துக்கும் கணினிக் கடைக்கும் அலைகிறார்கள். அலைந்து பெறும் ஓய்வூதியமாவது போதுமா? 2014 செப்டம்பரில் குறைந்தபட்சமாக நிர்ணயித்த தொகை மாதம் 1,000 ரூபாய்!

இலைக் கணக்கு இன்னொரு கொடுமை. ஆயிரம் பீடிக்கு என்று கொடுக்கும் இலையில் ஆயிரம் தேறுவதில்லை. பழுத்ததும் ஓட்டை விழுந்ததும் போக, குறைந்த இலையைச் சொந்தக் காசில் வாங்கிச் சுற்றுகிறோம் என்று பெண்கள் முறையிடுகிறார்கள். கழிவு என்று ஒதுக்கிய பீடியைத் திருப்பித் தருவதுமில்லை, அதற்குக் கூலியுமில்லை என்கிறார்கள். இப்படி நடத்துகிற ஒப்பந்தக்காரர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்யாதே என்று வெள்ளிதோறும் கேட்டுவிட்டு வருகிறவர்கள் இலைத் தராசைப் பிடிக்கும்போது அதை மறக்கலாமா?

நம் வீட்டுக் குற்றங்கள்

அடுத்தவரைக் குறை சொல்வது எளிது. நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்ப்போம்.

பெண் பார்க்கப் போகும் இடத்தில், பீடி சுற்றத் தெரியுமா, புத்தகம் இருக்கிறதா என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. ஓதத் தெரியுமா, படித்திருக்கிறாளா என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் வந்தன. வீட்டுக்கு வருகிறவள் விளக்கேற்றவா, கூலி சம்பாதிக்கவா? அவள் பத்தாண்டு சுற்றிச் சேர்த்த காசும் கைக்கூலியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது. கொடுக்க வேண்டிய மஹரைக் கடன் வைத்துவிட்டு, வாங்கக் கூடாத கைக்கூலியை ரொக்கமாக வாங்குகிற இளைஞனே! நீ எண்ணுகிற ஒவ்வொரு நோட்டிலும் புகையிலைத் தூளின் வாடை அடிக்கவில்லையா?

அடுத்தது கடன். கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, விசாவுக்கு என்று வட்டிக்கு வாங்கிய கடனைச் சுளவு அடைக்கிறது. தினவட்டி, வாரவட்டி, குழுக்கடன். திங்கட்கிழமை ஒருவன், புதன்கிழமை ஒருவன் என்று வாசலில் வந்து நிற்கிறான். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு பச்சைக் குழந்தைகளோடு தீயில் வெந்து மாண்டதே! கந்துவட்டித் தொல்லை பற்றித் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்தும் பலன் இல்லாமல் போன குடும்பம் அது. அந்தத் தீ அணைந்துவிட்டது. அதை மூட்டிய கடன் எத்தனையோ தெருக்களில் இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது, படிப்பு. பத்தாம் வகுப்போடு பெண்ணை நிறுத்திச் சுளவின் முன் உட்கார வைக்கிறோம். பையனைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திச் சென்னையில் கடைக்கு அனுப்புகிறோம். 2007-இல் தமிழ்நாட்டில் நமக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக எத்தனை ஆண்டுகள் மாநாடு கூட்டினோம், கோஷம் எழுப்பினோம், சிறை சென்றோம்! ஒதுக்கீடு என்பது ஒரு கதவு. கதவு வரை நடந்து வருகிற பிள்ளைக்குத்தான் அது திறக்கும். பாதி வழியில் பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொண்டு வந்துவிட்டு, கதவு திறக்கவில்லை என்று புலம்பலாமா?

கண்ணூரில் நடந்தது என்ன?

வழி இல்லை என்று கைவிரிப்பவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேரளத்தைப் பார்க்கட்டும்.

1966-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்த முனைந்தபோது, மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பீடி முதலாளிகள் கண்ணூர் வட்டாரத்தில் தங்கள் கடைகளை மூடிவிட்டுப் போனார்கள். சுமார் 12,000 தொழிலாளர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் முதலாளியின் காலில் விழப் போகவில்லை. அரசின் துணையோடு 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடி என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். தொழிலாளியே பங்குதாரர். சட்டம் சொன்ன கூலியும் விடுப்பும் அங்கே நடைமுறையாயின. உச்சத்தில் இருந்தபோது 42,000 பேர் அதில் வேலை செய்தார்கள்.

நாம் கவனிக்க வேண்டிய செய்தி அதற்குப் பிறகு வருகிறது. 1990-களில் பீடியின் தேவை குறையத் தொடங்கியதும் அவர்கள் விதியை நொந்துகொண்டு உட்காரவில்லை. பீடி இன்னும் காசு தந்துகொண்டிருந்தபோதே அடுத்த தொழிலுக்கு அடித்தளம் போட்டார்கள். மசாலாப் பொடி, தேங்காய்ப்பால், குடை, ஆயத்த ஆடை என்று கிளை விரித்தார்கள். கணினித் தொழில் வரைக்கும் போனார்கள். பீடித் தொழிலாளர் எண்ணிக்கை அங்கேயும் பெரிதும் சுருங்கிவிட்டது. எல்லோருக்கும் மாற்று வேலை கிடைத்துவிட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த அமைப்பு அழியவில்லை. தினேஷ் குடையும் மசாலாவும் இன்றும் கடையில் கிடைக்கின்றன.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. தனித்தனியாக நின்றால் கூலி. சேர்ந்து நின்றால் தொழில். பழைய தொழில் சாகும் வரை காத்திருக்காமல், அதன் வருமானம் இருக்கும்போதே புதியதைத் தொடங்க வேண்டும். தறி நின்றபோது நாம் தவறவிட்டது இந்த இரண்டாவது பாடத்தைத்தான்.

வியாபாரப் பெருமக்களே!

உங்களிடம் உரிமையோடு பேசுகிறோம். ரமளான் வந்தால் ஊருக்கு வருகிறீர்கள். ஜகாத் கொடுக்கிறீர்கள். வாசலில் வரிசை நிற்கிறது. ஆளுக்கு ஒரு சேலை, ஒரு கைலி, ஐந்நூறு ரூபாய். வாங்கியவள் பெருநாளைக்கு இரண்டு நாள் மகிழ்கிறாள். மூன்றாம் நாள் சுளவை எடுக்கிறாள். அடுத்த ரமளானில் அதே வரிசையில் அவளே நிற்கிறாள். சில ஆண்டுகளில் அவள் மகளும் நிற்கிறாள். வரிசை நீளுகிறது என்றால் நம் கொடை பெருகுகிறது என்று பெருமைப்படுவதா, நம் முறை தவறு என்று வெட்கப்படுவதா?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மஹல்லாவில் 40 வியாபாரிகள் ஆளுக்கு 25,000 ரூபாய் ஜகாத் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 லட்சம். இதை 500 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2,000 ரூபாய்; ஒரு மாத மளிகைக்குக்கூடக் காணாது. 20 குடும்பத்துக்குக் கொடுத்தால் ஆளுக்கு 50,000 ரூபாய். தையல் இயந்திரமும் துணியும் வாங்கலாம், மாவரைக்கும் இயந்திரம் வாங்கலாம், ஆடு வாங்கலாம், பலகாரக் கடை போடலாம். ஐந்தாண்டில் 100 குடும்பங்கள் வரிசையிலிருந்து விலகிவிடும். அவர்களில் பத்துப் பேராவது ஜகாத் கொடுப்பவர்களாக மாறினால் அதுவல்லவா பெருநாள்! தன்னிடம் கேட்டு வந்தவருக்குக் கோடரியைக் கொடுத்து விறகு வெட்டி விற்கச் சொன்ன நபிகள் நாயகத்தின் (ஸல்) வழியும் அதுதானே?

முதல் மட்டும் போதாது. சந்தையும் வேண்டும். தையல் பழகிய பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தைத்ததை விற்க வழி தெரியாமல் மீண்டும் சுளவுக்கே திரும்பியிருக்கிறார்கள். அந்த வழி உங்கள் கையில் இருக்கிறது. ஜவுளிக்கடை வைத்திருக்கும் சகோதரரே! நீங்கள் வெளியூரிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொள்முதல் செய்யும் நைட்டி, பாவாடை, பர்தா, பள்ளிச் சீருடையில் பத்தில் ஒரு பங்கை உங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தைக்கக் கொடுத்தால் என்ன? மளிகைக் கடைக்காரரே! மசாலாப் பொடியை அரைத்துப் பொட்டலம் போடும் வேலையை அவர்களுக்குத் தந்தால் என்ன? நீங்கள் தர்மம் செய்ய வேண்டாம், ஆர்டர் கொடுங்கள். தரம் இல்லை என்றால் திருத்துங்கள். கூலியை மட்டும் வியர்வை உலரும் முன் கொடுங்கள்.

மேலப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே பத்தமடை இருக்கிறது. ஆற்றோரக் கோரையில் நம் மக்கள் நெய்த பாய் உலகப் புகழ் பெற்றது. புவிசார் குறியீடும் பெற்றது. பெயர் இருக்கிறது, கைத்திறன் இருக்கிறது. அதை நல்ல விலைக்குக் கொண்டுபோய் விற்கும் வியாபாரிகள்தான் போதவில்லை. உலகமெங்கும் கடை விரித்த சமுதாயம் உள்ளூர்ப் பாயை விற்க முடியாதா?

இளைஞர்களே!

உங்களிடம் பணம் கேட்கவில்லை. நேரம் கேட்கிறோம். கையில் செல்போனும் கொஞ்சம் படிப்பும் இருக்கிறது அல்லவா? ஜும்ஆ முடிந்தபின் இரண்டு மணி நேரம் ஜமாஅத் அலுவலகத்தில் உட்காருங்கள்.

முதலில், உங்கள் மஹல்லாவில் பீடி சுற்றும் குடும்பங்களைக் கணக்கெடுங்கள். யாருக்குச் சொந்தப் புத்தகம் இருக்கிறது, யாருக்கு இல்லை? வைப்புநிதி எண் உண்டா? ஆதாரோடு பெயர் பொருந்துகிறதா? பொருந்தாத பெயரைத் திருத்திக் கொடுங்கள். ஒரு தாயின் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தினால், அவள் வாழ்நாள் உழைப்பின் பணம் அவள் கைக்கு வரும்.

அடுத்து, கல்வி உதவித்தொகை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை ஒன்றாம் வகுப்பு முதல் தொழிற்கல்வி வரை உண்டு. தொழிற்கல்விப் பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை தரும் திட்டம் அது. விண்ணப்பத்தை ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் குறித்த தேதிக்குள் போட வேண்டும். தேதி தெரியாமல் இழந்தவர்கள் எத்தனை பேர்! முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு மருத்துவமனை இருப்பதும் பலருக்குத் தெரியாது.

மூன்றாவதாக, இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதும் ஒவ்வொரு பெண் பிள்ளையின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி திறக்கும்போது அவள் பதினோராம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாளா என்று பாருங்கள். இல்லையென்றால், ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள். திருச்சி ஜமால் முகமது கல்லூரியை 1951-இல் எழுப்பியவர்கள் வியாபாரிகள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-லேயே எழுந்தது. பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971-இல் தொடங்கியது. முன்னோர்கள் கட்டிடம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நம் பிள்ளையை அதன் வாசல் வரை கொண்டுபோய் விடுவது நம் வேலை.

அரசுக்கு ஒரு வார்த்தை

பீடிக்குத் தனி வரி வசூலித்து, அதிலிருந்து தொழிலாளர் மருத்துவமனையும் வீட்டு உதவியும் உதவித்தொகையும் நடந்துவந்தன. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரி நீக்கப்பட்டது. அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் என்ன போடுவார்களோ என்று கையேந்தி நிற்கும் நிலை. பீடிமீது வசூலாகும் வரியில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்கென்று சட்டப்படி ஒதுக்க வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை. சுற்றுகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் புத்தகம் வழங்கப்படுகிறதா என்று வீடு வீடாகச் சரிபார்க்க வேண்டும் என்பது இரண்டாவது. பயிற்சிச் சான்றிதழோடு நிறுத்தாமல், முதலும் சந்தையும் சேர்த்துத் தரும் மாற்றுத் தொழில் திட்டம் வேண்டும் என்பது மூன்றாவது. ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வருகிறவர் எந்தக் கட்சிக்காரரானாலும் இந்த மூன்றையும் அவர் முன் வையுங்கள்.

ஆனால், அரசு செய்யட்டும் என்று காத்திருந்தால் நம் தலைமுறையும் முடிந்துவிடும். தறியின் கதையில் அதைப் பார்த்துவிட்டோம்.

இன்று மாலையும் பீடிக்கடைக்கு முன் பெண்கள் கட்டுகளோடு காத்திருப்பார்கள். அவர்களில் சிலரின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னஞ்சிறுமிகள் நிற்பார்கள். தாய் சுற்றிவிட்டாள். அவள் காலம் அப்படி. அந்தச் சிறுமியின் மடியில் இருக்கப்போவது சுளவா, புத்தகப் பையா? இதை முடிவு செய்கிறவர்கள் நாம்தான். வரும் வெள்ளிக்கிழமை உங்கள் மஹல்லாவில் ஒரு பேரேட்டைத் திறந்து முதல் பெயரை எழுதுங்கள். மற்றவை பின்னால் வரும், இன்ஷா அல்லாஹ்!